புழல் டீக்கடை அக்காவுக்கும் மற்ற எல்லாருக்கும்

நேற்று பணி ஆணை கைக்கு வந்தது. போலீஸ் சரிபார்ப்பில், அம்மாவைப் புழல் சிறையில் வைத்த அந்த வழக்கு குறுக்கே வந்துவிடுமோ என்று மூன்று வாரமாகத் தூக்கமில்லை. வரவில்லை. அம்மா ஆணையை வாங்கிப் படிக்கக்கூட இல்லை, டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், மறுபடி சொல்லப் போவதில்லை.

முதல் நன்றி சிறைக்கு வெளியே டீக்கடை வைத்திருந்த அக்காவுக்கு. அவருக்கு என் பெயர்கூடத் தெரியாது.

முதல் தடவை மனு போட்டு அம்மாவைப் பார்க்கப் பள்ளிச் சீருடையோடேயே போய் வரிசையில் நின்றேன். எல்லார் கண்ணும் என் மேல்தான். அக்கா கடையிலிருந்து இறங்கி வந்து, கொடியில் காய்ந்துகொண்டிருந்த துப்பட்டாவை எடுத்து என் மேல் போர்த்தினார். "அடுத்த தடவை ஒரு சுடிதார் கொண்டு வா பாப்பா, கடைக்குப் பின்னாடி மாத்திக்கலாம். பையை இங்க வெச்சிட்டுப் போ."

வெளியே வந்ததும் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளத்தான் நினைத்தேன். டீயைக் கையில் கொடுத்து, "இப்ப பஸ் பிடிச்சா மத்தியான வகுப்புக்குப் போயிடலாம்" என்றார். பன்னிரண்டாவது முடியும் வரை இதேதான். அழுதுகொண்டு வந்தால் டீக்குக் காசு வாங்க மாட்டார். அழாத நாளில் கறாராக வாங்கிக்கொள்வார். என்ன வழக்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. என் வருகைப்பதிவைக் காப்பாற்றியது அந்த அரை நாட்கள்தான்.

அப்புறம் தம்பி. 6 வயது வரை பிள்ளைகள் அம்மாவோடு உள்ளேயே இருக்கலாம், 2006-இல் உச்ச நீதிமன்றமும் அதைச் சொல்லியிருக்கிறது. எனக்கு அப்போது 16, அவனுக்கு 13. "நாம சின்னப் பசங்களா இருந்திருக்கலாம்கா" என்பான். ஒன்பதாவதோடு நின்று பாடியில் மெக்கானிக் கடைக்குப் போய்விட்டான். நான் கல்லூரிக்குப் போனது அவன் கூலியில். என் முதல் சம்பளத்தில் அவனைத் தனித்தேர்வராகப் பத்தாவது எழுத வைக்கப் போகிறேன். வேண்டாம் என்கிறான், பார்க்கலாம்.

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு அம்மாவின் கையெழுத்தை உள்ளேயிருந்து வாங்கித் தந்த சட்ட உதவி வக்கீல் மேடம், பெற்றோர் கூட்டத்துக்கு ஆயாவை வரச் சொல்லி முன் வரிசையில் உட்கார வைத்த டீச்சர், வாடகைக்கு அவசரப்படுத்தாத வியாசர்பாடி வீட்டுக்காரம்மா, எல்லாருக்கும் நன்றி.

போன வாரம் புழலுக்குப் போனேன். கடை அங்கே இல்லை, செங்குன்றம் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அக்காவை யாராவது பார்த்தால், அந்தத் துப்பட்டா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது என்று சொல்லுங்கள்.