மிருகம் அதிகம் கண்ணில் படுகிற காடு

அன்புள்ள பாலு,

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் ஏதாவது ஒரு வேலை குறுக்கே வந்துவிடுகிறது. ஓய்வு பெற்ற கையோடு பெட்டியைக் கட்டுகிறாய் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. முட்டிவலி தேவலை என்று எழுதியிருப்பதைத்தான் பாதி நம்புகிறேன். ஆனால் உன் மகள் விலங்கியலில் முதுகலை சேர்ந்திருக்கிறாள் என்பது நான் எதிர்பாராத செய்தி. கரப்பான்பூச்சியைப் பார்த்தால் கட்டில் மேல் ஏறி நின்று கத்திய பெண்தானே அவள்!

அப்பாவும் மகளுமாகப் போர்னியோ தீவுக்கு, அதிலும் மலேசியாவின் சபா மாநிலத்துக்குப் போகிறீர்கள். நான் சேகரோடு போய்வந்ததைக் கேள்விப்பட்டு, "எங்கே போனால் மிருகங்கள் அதிகம் பார்க்கலாம், அதை மட்டும் சொல்" என்று கேட்டிருக்கிறாய். அதற்கு ஒரே வரியில் பதில் இருக்கிறது: கினபாத்தாங்கான் ஆறு. ஆனால் அந்த வரியோடு நிறுத்திவிட்டால் நீ பாதியைப் பார்த்துவிட்டு முழுசும் பார்த்ததாக நினைத்துத் திரும்புவாய். அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்.

அந்த ஆறு 560 கிலோமீட்டர் ஓடுகிறது. மலேசியாவில் அதைவிட நீளமானது சரவாக்கின் ராஜாங் ஆறு மட்டும்தான். சுக்காவ் என்ற சிற்றூரில் தங்கினால் காலையும் மாலையும் படகில் அழைத்துப் போவார்கள். வெயில் சாயத் தொடங்கியதும் நீள்மூக்குக் குரங்குகள் கரையோர மரங்களுக்கு வந்து சேர்ந்துவிடும், இரவு தூங்க. போர்னியோவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத குரங்கு அது. ஆண் குரங்கின் மூக்கு வாயைத் தாண்டித் தொங்குகிறது. தளிரை வாயில் போடும்போது சிலசமயம் மூக்கை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வயிறு எப்போதும் உப்பியே இருக்கும். அதற்குள் பல அறைகள், இலையைப் புளிக்கவைத்துச் செரிப்பதற்காக. இளம் குரங்குகள் கிளைக்குக் கிளை தாவும்போது அது மட்டும் தொப்பையோடு சாய்ந்து உட்கார்ந்து நம்மை அலட்சியமாகப் பார்க்கும். சேகர் வெகுநேரம் அதையே பார்த்துவிட்டு, தன் பழைய மேலதிகாரி ஒருவரின் பெயரை அதற்கு வைத்துவிட்டான்.

அதோடு முடிவதில்லை. போர்னியோவில் இருக்கிற எட்டு வகை இருவாச்சிகளும் அந்த ஆற்றங்கரையில் உண்டு. முதலை உண்டு. அதிர்ஷ்டம் இருந்தால் யானைக்கூட்டம் கரைக்கு வந்து கோரையைப் பிடுங்கித் தின்பதைப் படகிலிருந்தே பார்க்கலாம். நம் ஊர் யானையைவிடச் சற்றுச் சிறியது, வால் மட்டும் நீளம். படகை விட்டு இறங்காமலே இத்தனையும் கிடைக்கும். முட்டிக்கும் நல்லது.

இப்போது ஏன் இத்தனை என்று கேள். நீள்மூக்குக் குரங்கு இயல்பாகவே ஆற்றோரத்தை விரும்புவது, அது சரி. மற்றவை? ஒருநாள் கரையேறி மரங்களுக்குப் பின்னால் நடந்து போனோம். சில இடங்களில் காடு என்பது ஒரு பட்டை அளவுக்குத்தான். அதைத் தாண்டினால் வரிசை வரிசையாகச் செம்பனை, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. சபாவின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இன்று பாமாயில் தோட்டம். மரம் வெட்டியவர்கள் முதலில் வந்தார்கள், தோட்டக்காரர்கள் பின்னாலேயே வந்தார்கள். மிச்சமிருந்த ஆற்றோரக் காட்டை 2005-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். சுமார் 26,000 ஹெக்டேர், அதுவும் துண்டு துண்டாக. போக்கிடம் இல்லாத மிருகங்கள் அந்தத் துண்டுகளில் ஒதுங்கி நிற்கின்றன. நமக்கு வரிசையாகக் கண்ணில் படுவதற்கு அதுவும் ஒரு காரணம். பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை, தெரிந்துகொண்டு பார் என்கிறேன். கரையோர மக்களில் பலருக்குப் பயணிகளால்தான் பிழைப்பு. அவர்கள் பிழைத்தால்தான் அந்தப் பட்டைக் காடும் நிற்கும்.

சபாவிலேயே இருக்கிற டானும் பள்ளத்தாக்கு இதற்கு நேர்மாறு. லகாட் டத்து என்ற ஊரிலிருந்து மண்பாதையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வண்டியில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். 438 சதுர கிலோமீட்டர் பரப்பில், கோடரி படாத காடு. அதற்குள் ஊர்கள் கிடையாது. அங்கே நாள் முழுக்க நடந்துவிட்டு ஒரு அணிலைத் தவிர ஒன்றும் பார்க்காமல் நாங்கள் திரும்பியது உண்டு. சேகருக்கு ஆத்திரமாக வந்தது. "இத்தனை பெரிய காட்டில் ஒரு மிருகம்கூடவா இல்லை" என்று வழிகாட்டியைக் கேட்டேவிட்டான். அவர் சிரித்தார். தரையில் கிடந்த ஒரு விதையை எடுத்துக் கையில் கொடுத்தார். இரண்டு இறக்கைகள், நடுவில் ஒரு கொட்டை, அவ்வளவுதான். மேலே தூக்கிப் போட்டால் சுழன்றுகொண்டே இறங்குகிறது.

அந்த விதைதான் விஷயம், பாலு. டிப்டெரோகார்ப் என்கிற அந்த மரக்குடும்பம் வருடாவருடம் காய்ப்பதில்லை. சில வருடங்கள் சும்மாவே நிற்கும். பிறகு திடீரென்று, பெரும்பாலும் எல் நினோ வறட்சியை ஒட்டி, காடு முழுக்க ஒரேசமயத்தில் பூத்துக் காய்க்கும். காட்டுப்பன்றியும் மற்றவையும் தின்று தீர்க்க முடியாத அளவுக்குக் கொட்டினால்தான் கொஞ்சம் விதையாவது முளைக்கத் தப்பும். இடைப்பட்ட வருடங்களில் சாப்பாடு சிதறிக் கிடக்கிறது. அதனால் மிருகங்களும் சிதறியே இருக்கின்றன. அதோடு பாதிக் காடு நம் தலைக்கு மேலே அறுபது எழுபது மீட்டர் உயரத்தில் நடக்கிறது. 2019 ஜனவரியில் அங்கே ஒரு மஞ்சள் மெராந்தி மரத்தில் ஏறி, உச்சியிலிருந்து அளவுநாடாவைத் தொங்கவிட்டு அளந்தார்கள்: 100.8 மீட்டர். கீழே நின்று கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்த்தால் நமக்கு என்ன தெரியும்?

ஆனால் இரண்டாம் நாளிலிருந்து கண் பழக ஆரம்பிக்கிறது. ஒராங்குட்டான் அநேகமாக ஒவ்வொரு இரவும் புதிதாகக் கூடு கட்டும், கிளைகளை மடக்கி இலையைப் பரப்பி. இலை பச்சையாக இருந்தால் நேற்றோ முந்தாநாளோ கட்டியது, பழுப்பாக இருந்தால் பழசு. கூடுகளைப் படிக்கத் தெரிந்ததும் காலியாகத் தெரிந்த அதே பாதையில் குடித்தனங்கள் தெரிய ஆரம்பித்தன. விடியலில் கிப்பன் குரங்குகளின் பாட்டு ஒரு மலைமுகட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்.

ஒராங்குட்டானையும் பார்த்தோம். நாங்களாகத் தேடிப் பிடிக்கவில்லை. சேகர் கழுத்து வலி என்று குனிந்த நேரத்தில் அவன் தொப்பி மேல் மரப்பட்டைத் துணுக்கு ஒன்று விழுந்தது. மேலே ஒரு தாய், இடுப்பில் குட்டி. பழம் இல்லாத காலத்தில் பட்டையையும் தளிரையும் வைத்துத்தான் சமாளிக்கும். பல்லால் பட்டையை ஓரத்தில் கடித்துப் பிடித்து, கையால் நீளமாக உரித்து, உள்பக்கத்தை மட்டும் சுரண்டித் தின்றது. குட்டி தாயின் வாய்க்கு அருகே முகத்தைக் கொண்டுபோய் அது தின்பதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. எந்த மரம், எந்தப் பகுதி, எந்தக் காலம் என்று கற்றுக்கொண்டு முடிக்க ஏழெட்டு வருடம் ஆகுமாம். அதுவரை தாய் அடுத்த குட்டி போடுவது அரிது. பிறகு அது ஒரு மெல்லிய மரத்தைத் தன் எடையாலேயே வளைத்து, அடுத்த மரத்தைப் பிடித்து, அவசரமே இல்லாமல் போய்விட்டது.

அட்டையைப் பற்றிச் சொல்லாவிட்டால் நீ என்னைத் திட்டுவாய். தரையில் ஒரு பழுப்பு ரகம். அது கடித்தால் தெரியாது. இலைகளில் இருப்பது புலி அட்டை, பக்கவாட்டில் மஞ்சள் கோடு. பின்பக்கத்தால் இலை நுனியைப் பிடித்துக்கொண்டு முன்பக்கத்தைக் காற்றில் நீட்டித் துழாவிக்கொண்டே இருக்கும். அது கடித்தால் சுருக்கென்று தெரியும். உப்பு, நெருப்பு எதுவும் வேண்டாம். மெலிந்த முனை ஒட்டியிருக்கும் இடத்தில் நகத்தைச் சறுக்கிவிட்டால் விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், பயப்படாதே. முழங்கால்வரை வரும் நெருக்கமான துணி உறையை, ஷூவுக்குள் மாட்டுவது, ஆளுக்கு இரண்டு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். உன் மகளிடம் இதைச் சொல்: அட்டை குடித்த ரத்தத்திலிருக்கும் டிஎன்ஏவைப் பிரித்து, அந்தப் பக்கம் எந்தெந்த மிருகம் வந்துபோனது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிக்கிறார்கள். நம் கண்ணுக்கு மாட்டாத சருகுமானும் மரநாயும் அட்டைக்கு மாட்டியிருக்கும்!

ஒன்று மட்டும் அட்டைக்கும் மாட்டாது. சுமத்ரா காண்டாமிருகம். இமான் என்ற பெண் காண்டாமிருகத்தை 2014-இல் டானும் காட்டில்தான் பிடித்து, இனப்பெருக்க முயற்சிக்காகக் கொண்டுபோனார்கள். 2019 மே மாதம் டாம் என்ற ஆண் செத்தது. அதே நவம்பரில் இமானும் செத்தது. மலேசியாவில் அதோடு அந்த இனம் முடிந்தது. கோடரி படாத காடு என்று மேலே எழுதினேன். கோடரி படாவிட்டாலும் வேட்டைக்காரனின் கண்ணி வந்துவிடுகிறது.

கினபாலு மலை ஏறலாமா என்றும் கேட்டிருந்தாய், அதற்கு வருகிறேன். கினபாலு 4,095 மீட்டர். வழிகாட்டி இல்லாமல் ஏற விடமாட்டார்கள். திம்போஹோன் வாசலில் 1,866 மீட்டரில் தொடங்கி, முதல்நாள் ஏறக்குறைய 3,270 மீட்டர்வரை ஏறித் தங்கி, மறுநாள் இரவு இரண்டு மணிவாக்கில் எழுந்து, தலையில் டார்ச்சை மாட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தபடி கருங்கல் பாறையில் ஏற வேண்டும். காலை முற்றினால் மேகம் மூடிவிடும். 2015 ஜூன் 5-ஆம் தேதி நிலநடுக்கத்தில் பாறைகள் சரிந்து 18 பேர் இறந்தார்கள். அவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் வழிகாட்டிகளும் உண்டு. ஏறுவது பெரிய விஷயமில்லை, இறங்கும்போதுதான் முட்டி கழன்றுவிடும். ஆகவே மகள் ஏறட்டும். நீ கீழே பூங்காவிலேயே சுற்றிக்கொண்டிரு. அந்த மலைப் பகுதியில் ராஜா என்ற குடுவைத் தாவரம் இருக்கிறது. ஒரு குடுவையில் இரண்டு லிட்டருக்கு மேல் நீர் கொள்ளும். பூச்சியைத் தின்பது தெரிந்ததுதான். ஆனால் மர மூஞ்சூறு ஒன்று குடுவை விளிம்பில் ஏறி உட்கார்ந்து, மூடியில் சுரக்கும் தேனை நக்கிக்கொண்டே குடுவைக்குள் கழிந்துவிட்டுப் போகிறது. செடிக்கு அதுதான் உரம். சாப்பாடும் கழிப்பறையும் ஒரே இடத்தில்.

என் யோசனை இதுதான். முதலில் டானும், குறைந்தது மூன்று இரவு. வெறுங்கையோடு திரும்பும் ஒரு நாளையாவது அங்கே அனுபவிக்க வேண்டும், நீயும் அவளும். ஆறு அப்புறம். முதலில் ஆற்றுக்குப் போனால் டானும் உங்களுக்குச் சப்பென்று இருக்கும். சேகருக்கு அப்படித்தான் ஆனது. மழை கிழக்குப் பக்கம் நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை அதிகம். மார்ச்சுக்குப் பிறகு வைத்துக்கொள். கோலாலம்பூர் வழியாகப் போனாலும் சபாவில் மறுபடி பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்க வேண்டும். மலேசியாவுக்குள்ளேயே சபாவுக்குத் தனிக் குடியேற்ற அதிகாரம் உண்டு. கேமராவுக்கு ஈரம் உறிஞ்சும் பொட்டலம் நிறைய எடுத்துப்போ, லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும்.

இங்கே என் பாடு பழையபடிதான். இன்னும் வேலை விட்டபாடில்லை. மாலையில் நடக்கப் போனால் மரத்தை அண்ணாந்து பார்க்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, வீட்டில் கேலி செய்கிறார்கள். சேகர் அட்டை கடித்த தழும்பை எல்லோரிடமும் புலி கடித்தது போலக் காட்டிக்கொண்டு திரிகிறான்.

டானும் ஆய்வு மையத்தில் அறைகள் குறைவு. தேதி முடிவானதும் முதலில் அங்கே எழுதி இடத்தைப் பிடி. விமானச்சீட்டை அதற்கப்புறம் எடு.

அன்புடன்,
ரகு