பரிந்துரைக் கடிதம் எழுதும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். உன் மாணவர்களுக்காக நீ ஆங்கிலத்தில் எழுதிய பரிந்துரைக் கடிதங்களைப் படித்தேன். எல்லாப் பிள்ளைகளும் 'ஹார்டு-வொர்க்கிங்', எல்லாரும் 'வெல்-பிஹேவ்டு'. பொய்யில்லைதான். ஆனால் எல்லாருக்கும் ஒரே சொல்லைப் போட்டால், படிக்கிறவர் யாரை என்று நினைவில் வைப்பார்?

குணத்தைச் சொல்லும் இந்தக் கூட்டுச்சொற்களில் எத்தனையோ வகை இருக்கிறது. கைண்டு-ஹார்ட்டட், ஓப்பன்-மைண்டட், லெவல்-ஹெடட் எல்லாம் ஒரே அச்சு. கடைசியில் வரும் 'எட்' இறந்தகாலம் அல்ல. அப்படிப்பட்ட இதயத்தை, மனத்தை, தலையை உடையவர் என்று அர்த்தம். வெல்-பிஹேவ்டு மாதிரிச் சொற்களுக்குப் பெயர்ச்சொல்லின் முன்னால் வந்தால் இடைக்கோடு போடு. பின்னால் வந்தால் பெரும்பாலும் தேவைப்படாது. கைண்டு-ஹார்ட்டட் போன்றவற்றுக்கு எங்கே வந்தாலும் போட்டுவிடு.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'குட்-ஹ்யூமர்டு'. ஜோக்கடிப்பவர் என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். இனிய சுபாவம் உள்ளவர் என்பதே பொருள். ஹ்யூமர் என்றால் முதலில் உடம்பிலுள்ள நீர்மம். இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் நான்கும் அளவாகக் கலந்திருந்தால் குணம் சீராக இருக்கும் என்று பழைய கிரேக்க மருத்துவர்கள் நம்பினார்கள். ஐரோப்பாவும் பல நூற்றாண்டுகள் அதை நம்பியது. 'ஷார்ட்-டெம்பர்டு' என்பதிலுள்ள டெம்பரும் அந்தக் கலவையிலிருந்து வந்ததுதான். "அவனுக்குப் பித்தம் ஜாஸ்தி" என்று உன் தாத்தா சொல்வாரே, உனக்கு இது சட்டென்று பிடிபடும்.

அப்புறம், முக்கியமான விஷயம். ஒரு பையனை 'ஷார்ட்-டெம்பர்டு, ஆனால் நேர்மையானவன்' என்று எழுதியிருக்கிறாய். அதை எடுத்துவிடும்மா. அவனைப் பார்த்தே இராத ஒருவர் அந்த முதல் சொல்லோடு நிறுத்திக்கொள்வார். இருபது வயதுப் பிள்ளையின் கோபம் மாறும், உன் கையெழுத்துப் போட்ட தாள் மாறாது. பிடிவாதமும் அப்படித்தான்: 'ஸ்ட்ராங்-வில்டு' என்றால் பாராட்டு, 'பிக்-ஹெடட்' (பன்றித் தலை) என்றால் வசவு. நீ எதை எழுதுகிறாயோ அதுதான் அங்கே அவன்.

அந்தப் பையன் ஒரு ஜூனியர் பெண்ணின் சோதனை கெட்டுப்போனபோது ராத்திரி வரை கூடவே இருந்து சரிசெய்து கொடுத்தான் என்று போனில் சொன்னாயே, அதை எழுது. அதற்குப் பிறகு 'வார்ம்-ஹார்ட்டட்' என்று போட்டால் யாரும் நம்புவார்கள்.

வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றாய். வியாழன் ராத்திரிக்குள் திருத்தி அனுப்பு, உட்கார்ந்து பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா