குடும்ப டாக்டரிடம் பதிந்தாயா?

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. எல்லாரும் நலம். தம்பிக்கு வேலை உறுதியாகிவிட்டது, மீதியை அவனே சொல்வான்.

அங்கே குடும்ப டாக்டரிடம் பெயர் பதிந்துவிட்டாயா? கேட்கும்போதெல்லாம் "பதியணும்ப்பா" என்கிறாய். சின்ன ஊரில் டாக்டர்கள் ஓரிருவர்தான் இருப்பார்கள். பல இடங்களில் புது நோயாளிகளைச் சேர்ப்பதில்லை, பெயரை எழுதிக்கொண்டு காத்திருக்கச் சொல்கிறார்கள். அவர் எழுதிக் கொடுத்தால்தான் ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க முடியும் என்பது நிறைய நாடுகளில் நடைமுறை. ஸ்பெஷலிஸ்ட் இருப்பதோ பக்கத்து நகரத்தில். காய்ச்சலில் படுத்துக்கொண்டு இதையெல்லாம் ஆரம்பிக்க முடியாதம்மா. இடமில்லை என்றால் அடுத்த ஊரில் கேள். மருந்துக்கடையில் இருப்பவரிடமும் பேசு, எந்த டாக்டர் ஆள் சேர்க்கிறார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

தனியாகப் போய் வீடு பிடித்து, அந்த மொழியையும் கற்று, ஆபீசில் நல்ல பெயர் வாங்கியிருக்கிறாய். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவ்வளவையும் செய்தவளுக்கு ஒரு படிவம் நிரப்ப நேரமில்லையா?

விசாவுக்காக எடுத்த இன்சூரன்ஸை எடுத்துப் படி. அந்த மாதிரி பாலிசிகளில் அவசரச் சிகிச்சைக்கு மட்டும் பணம் தருவதும் உண்டு. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு என்ன விதி, எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும், இந்த இரண்டையும் முதலில் பார். படிவத்தில் கேட்டால் எதையும் மறைக்காதே. பின்னால் தெரிந்தால் பணம் தர மறுத்துவிடுவார்கள். நம் டாக்டரிடம் வீடியோவில் கேட்கலாம், தப்பில்லை. ஆனால் அவர் எழுதும் சீட்டுக்கு அங்கே கடையில் மருந்து கிடைக்கும் என்று நம்ப முடியாது.

அன்று பேசும்போது, "ரிப்போர்ட்ல சுகர் எட்டுன்னு போட்டிருக்கு, எட்டுன்னா அதிகமாப்பா?" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் மழை, பஸ் என்று பேச்சை மாற்றிவிட்டாய். எனக்கு எந்த வயதில் வந்தது என்று அதற்கு முன்பே கேட்டவளும் நீதான். அங்கே மில்லிமோல் கணக்கு. 18-ஆல் பெருக்கினால் நம் கணக்கு வரும். எட்டு என்றால் 144. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தது என்றால் அவ்வளவாகப் பயப்பட வேண்டாம். வெறும் வயிற்றில் என்றால் அப்படி விட முடியாது. அதற்கு எல்லை 126, அவர்கள் கணக்கில் ஏழு. ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்ட மாட்டார்கள், மறுபடி எடுப்பார்கள், மூன்று மாதச் சராசரியும் பார்ப்பார்கள். அது 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை. அதையும் சில நாடுகளில் வேறு அளவில் எழுதுவார்கள், 48 என்று இருந்தால் அதுவும் இதே 6.5 தான்.

வீடியோவில் பேசும்போதெல்லாம் உன் கையில் தண்ணீர் பாட்டில். பேசி முடிப்பதற்குள் பாதி காலி. கழுத்தெலும்பு தெரிகிறது. வேலை அதிகம் போல என்கிறாள் அம்மா. பெரியத்தையும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், உனக்குத் தெரியாததா.

வாந்தி வந்தாலோ, வயிறு வலித்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ டாக்டர் நேரம் தருவார் என்று காத்திருக்காதே. நேராக ஆஸ்பத்திரிக்குப் போ. ராத்திரியில் எது திறந்திருக்கும், எவ்வளவு தூரம் என்று இப்போதே விசாரி. அவசர எண்ணைப் பக்கத்து வீட்டுக்காரரிடமும் கேட்டு வைத்துக்கொள். நம் வீட்டில் யார் யாருக்குச் சர்க்கரை என்று தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், டாக்டரிடம் அப்படியே காட்டு.

திங்கட்கிழமையே போய்ப் பதிந்துவிடு. அந்த எட்டு வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பிறகா என்று எனக்கு மட்டும் எழுது. அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

அன்புடன்,
அப்பா