மேம்பட்ட மூளை என்றால் எதில்?

மூளையைத் திருத்தி அமைக்கப் புறப்பட்டிருக்கும் பொறியாளர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும்,

வணக்கம். நான் உங்கள் துறையைச் சேர்ந்தவன் இல்லை. ஆனால் உங்கள் கைவேலை எங்கள் வீட்டில் ஒருவருடைய தலைக்குள் இருக்கிறது. என் அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். ஐந்து வருடங்களுக்கு முன் மூளையின் ஆழத்தில் இரண்டு மெல்லிய கம்பிகளை இறக்கி, தோள்பட்டைக்குக் கீழே மார்புத் தோலுக்கு அடியில் பேட்டரியைப் பதித்தார்கள். கருவியை முடுக்கிய அன்று, இரண்டு வருடமாகத் தம்ளரை இரு கையாலும் பிடித்துக்கொண்டிருந்த மனிதர் ஒரு கையால் எடுத்துச் சிந்தாமல் குடித்தார். 1987இல் பிரான்சின் கிரனோபிள் நகரில் பெனாபிட் என்ற அறுவை மருத்துவர் விரைவான மின்துடிப்பு கொடுத்தால் நடுக்கம் அடங்குவதைக் கவனித்தாரே, அதன் பலன் அது. அதைக் கண்ணால் பார்த்த நான் உங்கள் முயற்சியே வேண்டாம் என்று எழுத வரவில்லை.

அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். மின்னோட்டத்தைக் கூட்டினால் கை அடங்கியது, பேச்சு குழறியது. குறைத்தால் பேச்சு தெளிந்தது, கை ஆடியது. குறி வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே பேச்சுத் தசைகளுக்கான நரம்பிழைகள் போகின்றன, மின்சாரம் அங்கேயும் பரவுகிறது என்றார் மருத்துவர். பல தடவை அளவை மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் இரண்டு அமைப்புகளைப் பதிந்து ரிமோட்டை அப்பா கையிலேயே கொடுத்துவிட்டார்கள். சவரம் செய்ய, கையெழுத்துப் போட ஒன்று. யாராவது பேச வந்தால் இன்னொன்று.

மனித மூளையை இன்னும் நன்றாக வேலை செய்ய வைக்கலாம் என்று உங்களில் யாராவது சொல்லும்போது எனக்கு அந்த ரிமோட்தான் ஞாபகம் வருகிறது. நன்றாக என்றால் எதில்?

மூளையைப் பற்றிய உங்கள் குறைப்பட்டியல் எனக்குத் தெரியும். மெதுவானது: மிக வேகமான நரம்பிலும் செய்தி வினாடிக்கு 120 மீட்டர் அளவில்தான் ஓடுகிறது. குறுகலானது: புலன்கள் வழியே வினாடிக்குச் சுமார் நூறு கோடி பிட் (பிட் என்பது தகவலின் மிகச் சிறிய அலகு) உள்ளே கொட்டினாலும், சிந்தனை பத்து பிட் வேகத்தில்தான் நகர்கிறது என்று அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் கணக்குப் போட்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேல், மறதி. சுமார் 8,600 கோடி நரம்பணுக்களை வைத்துக்கொண்டு சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிறோம். இத்தனையும் 20 வாட் சக்தியில் நடக்கிறது என்பதை மட்டும் அந்தப் பட்டியலில் அடிக்குறிப்பாகக்கூட நான் பார்த்ததில்லை, போகட்டும்.

மறதியையே எடுத்துக்கொள்வோம். சோவியத் நாட்டில் ஷெரெஷெவ்ஸ்கி என்று ஒருவர் இருந்தார். லூரியா என்ற உளவியலாளர் பல வருடங்கள் அவரைக் கவனித்தார். நீண்ட எண் பட்டியல்களை ஒரு தடவை கேட்டால் வருடங்கள் கழித்தும் ஒப்பிப்பார். அதே மனிதருக்கு முகங்களை அடையாளம் காண்பது கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் முகபாவம் மாறுகிறது, வெளிச்சம் மாறுகிறது. அவருக்கு அதெல்லாம் வேறு வேறு முகங்கள். ஒரு கதையைப் படித்தால் ஒவ்வொரு சொல்லும் ஒரு படமாக எழுந்து, கதையின் பொருளை மறைத்துக்கொண்டு நிற்கும். மறந்தாக வேண்டுமே என்று தாளில் எழுதி எரித்தும் பார்த்திருக்கிறார். கருகிய தாளிலும் எண்கள் தெரிந்தன. நாம் ஒரு முகத்தை முப்பது வருடம் கழித்தும் அடையாளம் காண்பது, அதன் நுணுக்கங்களில் பெரும்பாலானவற்றை மூளை கழித்துவிடுவதால்தான். அந்தக் கழித்தலைத்தான் நீங்கள் பழுது என்று குறித்து வைத்திருக்கிறீர்கள்.

எலிகளிலும் இதைப் பார்த்தாயிற்று. 1999இல் ஜோ சியென் என்ற ஆய்வாளரின் குழு, நரம்பணுக்களின் சந்திப்புகளில் செய்தியை வாங்கும் ஒரு புரதத்தின் ஒரு பகுதி கூடுதலாக உருவாகும்படி எலிகளின் மரபணுவை மாற்றியது. எலிகள் வேகமாகக் கற்றன, அதிக நாள் நினைவில் வைத்திருந்தன. ‘புத்திசாலி எலி’ என்று உலகமே கொண்டாடியது. 2001இல் மின் ஜுவோ என்ற ஆய்வாளரின் குழு அதே வகை எலிகளைச் சோதித்தது. சட்டென்று வரும் வலியில் அவற்றுக்கும் மற்ற எலிகளுக்கும் வித்தியாசம் இல்லை. வீக்கத்தால் வந்து நீடிக்கும் வலியில்தான் வித்தியாசம்: அதற்கு இவை அதிகமாகத் துடித்தன. பாடத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் அமைப்பு வலியையும் விடாமல் பிடித்துக்கொண்டது. முதல் செய்தி ஊரெல்லாம் போனது. இரண்டாவதை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

இதனால், பரிணாமம் செதுக்கிய மூளையைத் தொடவே கூடாது என்று சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பரிணாமம் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஓட்டுகிற ஆள். நம் விழித்திரையில் நரம்பிழைகள் ஒளி வரும் பக்கத்தில் கிடக்கின்றன. அவை வெளியேறும் இடத்தில் ஒரு குருட்டுப்புள்ளி. ஆக்டோபஸுக்கு அந்தச் சிக்கல் இல்லை. எல்லாத் திருத்தத்துக்கும் விலை உண்டு என்றும் அடம்பிடிக்க மாட்டேன். 2009இல் இங்-ஹுய் ஃபு என்ற ஆய்வாளரின் குழு டெக்-2 என்ற மரபணுவில் ஒரு மாற்றத்தைக் கண்டது. அது இருந்தவர்கள் சுமார் ஆறேகால் மணி நேரம் தூங்கியே தெளிவாக இருந்தார்கள். சரி, இதைக் கேட்டால் எனக்கே ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் அந்த மரபணுவோடு பிறந்து, வளர்ந்து, பல பத்தாண்டுகள் வாழ்ந்து காட்டியவர்கள். உங்கள் சோதனைகளோ பெரும்பாலும் சில வாரங்கள், சில மாதங்கள்.

அவசரத்துக்கு உங்கள் துறையிலேயே பழைய கணக்கு இருக்கிறது. மூளையின் முன்மடல் இணைப்புகளை அறுத்து மனநோயைக் குணப்படுத்துவதாகச் சொன்ன எகாஸ் மோனிஸ் என்ற மருத்துவருக்கு 1949இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். 1953இல் வலிப்பை நிறுத்துவதற்காக ஹென்றி மொலைசன் என்ற நோயாளிக்கு, புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியில் பெரும்பங்கை இருபுறமும் எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. 2008இல் இறக்கும்வரை, புதிதாகச் சந்தித்த எவரையும் அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

இன்னொரு விஷயம் என்னை இதைவிட அதிகமாக உறுத்துகிறது. ஆர்கஸ்-2 என்ற செயற்கை விழித்திரையை நினைவிருக்கிறதா? 60 மின்முனைகள். பார்வை இழந்த 350க்கும் மேற்பட்டவர்கள் அதைப் பொருத்திக்கொண்டு ஒளியையும் உருவங்களின் விளிம்பையும் கண்டார்கள். 2019 வாக்கில் நிறுவனம் அந்தத் தயாரிப்பைக் கைவிட்டது. பழுது பார்க்க ஆளில்லை, உதிரிப் பாகமும் இல்லை. கண்ணுக்குள் மட்டும் கருவி இருந்தது. கைப்பேசிக்கு ஆதரவை நிறுத்தினால் புதிது வாங்கிக்கொள்ளலாம். தலைக்குள் இருப்பதை என்ன செய்வது?

ஆகவே என் வேண்டுகோள் இவ்வளவுதான். ஒரு திறன் கூடியது என்று அறிவிக்கும் அதே ஆய்வறிக்கையில், எந்தெந்தத் திறன்களைச் சோதித்தீர்கள், எவை குறைந்தன, எவற்றைச் சோதிக்கவே இல்லை என்பதையும் சொல்லுங்கள். கருவியைப் பொருத்துவதற்கு முன்பே, நிறுவனம் மூடினாலும் பராமரிப்பு தொடர்வதற்கான பணத்தைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். அணைக்கும் உரிமை உடம்புக்கு உரியவரிடமே இருக்கட்டும். சிலி நாடு 2021இல் மூளையின் செயல்பாட்டுக்கும் அதிலிருந்து எடுக்கும் தகவலுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே சேர்த்தது. மற்ற நாடுகள் சட்டம் போடட்டும் என்று நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்த மாதம் அப்பாவுக்குப் பேட்டரி மாற்ற வேண்டும். ஒரு பக்கமாக மட்டும் மின்சாரம் செலுத்தும் கம்பிகளும், மூளையின் அலையைக் கேட்டுத் தானே அளவை மாற்றிக்கொள்ளும் கருவிகளும் வந்துவிட்டதாக எங்கேயோ படித்திருக்கிறார். இந்த மடலை எழுதுகிறேன் என்றதும் பேச்சு அமைப்புக்கு ரிமோட்டை மாற்றிவிட்டு, ஒன்று கேட்கச் சொன்னார்: கையும் பேச்சும் சேர்ந்தே கிடைக்கும் நாள் எப்போது வரும்?

இப்படிக்கு,
அவர் மகன்