மணல் பாதையில் வரும் பிள்ளைகளின் சைக்கிள் குறித்துப் பெற்றோருக்கு

பெற்றோர் அனைவருக்கும் அன்பான வணக்கம்.

பள்ளி திறந்ததும் உங்களில் பலர் கேட்கும் கேள்வி, பிள்ளைக்கு எந்த சைக்கிள் வாங்குவது என்பது. திருச்செந்தூரிலிருந்து மணப்பாடு, பெரியதாழை வரையிலான நம் கரையில் பாதி வழி தார்ச்சாலை, பாதி வழி மணல். ஆடிக் காற்று அடிக்கும் மாதங்களில் தேரி எனப்படும் செம்மணல் மேடுகளின் மணல் தார்ச்சாலை மேலேயே வந்து படிந்துவிடுகிறது. கடையில் பளபளவென்று நிற்கும் வண்டிகள் பல இந்த வழிக்கு ஏற்றவை அல்ல. பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். 26 × 1⅜ என்றிருந்தால் அது ஒல்லி டயர், உலர்ந்த மணலில் கத்தி மாதிரி இறங்கும். 26 × 2.10 என்றிருந்தால் அகலம் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல். பிள்ளையின் எடை கூடுதல் பரப்பில் பரவுவதால் மணலின் மேலாக உருளும். நம் பிள்ளைகளுக்கு இந்த அகலம் போதும். இரண்டுமே 26 தானே, பழைய வண்டிக்கு அகல டயரை மட்டும் மாற்றிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ஒல்லி டயரில் 37-590 என்றும் அகல டயரில் 54-559 என்றும் சிறிய எழுத்தில் இருக்கும். பின்னால் வருவது ரிம்மில் டயர் உட்காரும் விட்டம், மில்லிமீட்டரில். 559 டயர் 590 ரிம்மில் ஏறவே ஏறாது. அந்த எண் ஒன்றாக இருந்தால்தான் மாற்றலாம். அப்போதும் டயருக்கும் மட்கார்டுக்கும், டயருக்கும் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்குக்கும் இடையில் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் ஈரமணல் அங்கே அடைத்துக்கொண்டு சக்கரத்தைப் பிடிக்கும்.

பெரிய பெரிய பட்டன் வைத்த டயர்தான் மணலுக்கு நல்லது என்று கடையில் சொல்வார்கள். சேற்றுக்கு அது சரி. உலர்ந்த மணலில் அந்தப் பட்டன்கள் மணலைத் தோண்டிக்கொண்டு இறங்கும். மேலோட்டமான பட்டன் உள்ள டயர் நமக்குப் போதும்.

கியர் வண்டி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. திறந்த செயினிலும், பின்சக்கரத்தின் கியர் தட்டுகளிலும், செயினை இழுத்துப் பிடிக்கும் சிறு சக்கரங்களிலும் மணல் எண்ணெயோடு குழைந்து சாணைப் பசை ஆகிவிடும். கியர் இல்லாத, செயின் முழுவதும் மூடிய கவர் உள்ள வண்டி நம் ஊரில் நீடித்து உழைக்கும். முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங் வைத்த மலிவு வண்டிகளும் அப்படித்தான். உப்புக் காற்றில் ஸ்பிரிங் துருப்பிடித்து இறுகிவிடும், கூடுதல் எடை மட்டும் மிஞ்சும். ரிம் அலுமினியத்தில் இருந்தால் நல்லது. இரும்பு ரிம் போக்ஸ் கம்பித் துளைகளிலும் வால்வுத் துளையிலும்தான் முதலில் துருப்பிடிக்கும். தவிர, நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் சரியாகப் பிடிக்காது. நான்கு அங்குல அகல டயர் போட்ட வண்டிகளைச் சில பிள்ளைகள் கேட்கிறார்கள். கடற்கரையில் சுற்ற அது அருமையான வண்டிதான். ஆனால் பெரும்பாலும் 16 கிலோவுக்குக் குறையாது. எதிர்க்காற்றில் தினமும் மிதித்து வர ஏழாம் வகுப்புப் பிள்ளையால் முடியாது.

வளரும் பிள்ளைதானே என்று பெரிய வண்டி வாங்காதீர்கள். சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு கால்களின் முன்பாதமும் தரையில் படவேண்டும். மணலில் முன்சக்கரம் திடீரென்று புதையும்போது உடனே கால் ஊன்ற முடியாத பிள்ளைதான் விழும்.

அடுத்தது காற்று. இதற்குச் செலவே இல்லை, பலன் மட்டும் பெரிது. டயர் கல் மாதிரி இருந்தால் மணலைத் தொடும் பரப்பு சிறியதாகிப் புதைகிறது. சற்றே இளகியிருந்தால் டயர் தட்டையாகி நீளமாகப் பதிகிறது. 40 கிலோ எடையுள்ள பிள்ளை, 26 × 2.10 டயர் என்றால் தார்ச்சாலைக்கு 35 முதல் 40 பி.எஸ்.ஐ. (பம்பு மீட்டரில் காட்டும் காற்றழுத்த அளவு), மணலுக்கு 20. வழி கலந்திருப்பதால் முன்னே 25, பின்னே 30 வைத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரத்தில்தான் எடை அதிகம் இறங்குகிறது. ரப்பர் வால் டியூப் போட்ட வால்வில் மீட்டர் சரியாகக் காட்டாது. பிள்ளையை உட்காரவைத்துப் பின் டயரின் அடியைப் பாருங்கள்: பக்கவாட்டில் லேசாகப் பிதுங்க வேண்டும், கல்லில் ஏறினால் ரிம் தட்டும் சத்தம் வரக்கூடாது.

அதற்கும் கீழே காற்றை இறக்கினால் இரண்டு கேடு. ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். பஞ்சர் கடையில் அப்படி இரட்டை ஓட்டையைக் காட்டினால் முள்ளைத் தேட வேண்டாம், காற்றுக் குறைவுதான் காரணம். இன்னொன்று, டயர் ரிம்மில் நழுவி டியூபையும் இழுத்துக்கொண்டு போகும். வால்வு நேராக நிற்காமல் சாய்ந்திருந்தால் அதுதான் அடையாளம். அப்படியே ஓட்டினால் வால்வின் அடியில் கிழியும், அதை ஒட்டவும் முடியாது. முள் பஞ்சருக்கு இங்கே உடைமுள்ளும், ராவணன் மீசை என்னும் கூரிய கடற்கரைப் புல்லும் போதும். பாதையை விட்டுப் புதருக்குள் இறங்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

அலை நனைத்த ஓரம் கெட்டியாக இருப்பதால் அந்த வழியாக வரும் பிள்ளைகள் உண்டு. ஓட்டச் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் தெறிக்கும் உப்புநீர் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள் போய், உள்ளே உருளும் இரும்பு பால்ஸைத் தின்றுவிடும். அந்த வழி கட்டாயம் வேண்டாம்.

வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் ஒதுக்குங்கள். உலர்ந்த மணலைத் துணியால் துடைக்காமல், பழைய பெயின்ட் பிரஷால் தட்டிவிடுங்கள். பிறகு அரை வாளி நல்ல தண்ணீரில் துணி நனைத்துத் துடையுங்கள். ஹோஸ் வைத்து ஹப்பில் பீய்ச்சினால் மணல் உள்ளே போய்விடும். செயினை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துக் காயவிட்டு, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளியில் ஒட்டியிருப்பதை முழுவதும் துடைத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளே இருக்க வேண்டும், வெளியே இருந்தால் மணலைத்தான் பிடிக்கும். தேங்காய் எண்ணெய் பிசினாகும். கழிவு எஞ்சின் ஆயிலில் ஏற்கெனவே இரும்புத்தூள் இருக்கிறது. பிரேக் கட்டையில் பதிந்திருக்கும் மணலை ஊக்கால் குத்தி எடுங்கள், இல்லாவிட்டால் ரிம்மை அராவும்.

செயின் தேய்ந்ததா என்று பார்க்க ஸ்கேல் போதும். கண்ணிகளை இணைக்கும் ஓர் ஊசியின் நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளியுள்ள ஊசியின் நடுவரை சரியாக 12 அங்குலம் இருக்கவேண்டும். 12 அங்குலமும் அரைக்கால் (⅛) அங்குலமும் ஆகிவிட்டால் செயினோடு பின்சக்கரத்தின் பல்சக்கரமான ஃப்ரீவீலும் மாற்றவேண்டியிருக்கும். அதில் பாதி கூடியபோதே செயினை மட்டும் மாற்றினால் செலவு குறையும். வருடம் ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும், ஓவராயில் செய்து, அதாவது வண்டியைப் பிரித்துச் சுத்தம் செய்து, புது கிரீஸ் வையுங்கள். அப்போது சீட் கம்பிக்கும் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். தடவாமல் விட்டால் உப்பில் துருப்பிடித்துக் குழாயோடு ஒட்டிக்கொள்ளும், பிள்ளை வளர்ந்தபின் சீட்டை உயர்த்த முடியாது.

பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பதினொன்றாம் வகுப்பில் அரசின் விலையில்லா மிதிவண்டி வரும். இந்த ஓராண்டுக்காகக் கடன் வாங்கிப் புதுவண்டி எடுக்காமல், இருக்கும் வண்டிக்கு டயரும் பிரேக் கட்டையும் மாற்றிக்கொடுங்கள்.

மணலில் பிள்ளைகள் கடைப்பிடிக்க வேண்டியதைக் காலை வணக்கக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன்: ஒரே சீராக மிதிக்கவேண்டும், ஹேண்டில்பாரை வெட்டித் திருப்பக்கூடாது, முன்பிரேக்கைத் தொடக்கூடாது, புதைந்தால் இறங்கித் தள்ளவேண்டும். தார்ச்சாலையில் மணல் படிந்த வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்கவேண்டும். வீட்டிலும் ஒருமுறை சொல்லுங்கள். காற்றடிக்கும் பம்பு பள்ளி அலுவலகத்தில் இருக்கிறது. மாலை மணி அடித்ததும் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்