மருமகனும் சிவப்புச் சாவியும்

கல்லடி, மட்டக்களப்பு
மாசி மாதம்

அன்பின் மச்சான்,

நீ அனுப்பின சுவிட்ச் பார்சல் தீபாவளிக்கு முன்னமே வந்து சேர்ந்துவிட்டது. ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ அங்கே பொருமுவதாக நெடுவல் சொன்னான். உன்னுடைய கடைசிக் கடிதத்துக்கும் அதற்கு முந்தினதுக்கும் இடையில் என் மூத்தவள் கல்யாணம் முடித்துப் பிள்ளையும் பெற்றுவிட்டாள். அதை நான் எங்காவது சொல்லிக் காட்டினேனா? அம்மா சுகம், முழங்கால்தான் கரைச்சல். வெட்டு முடிந்தது, விளைச்சல் பரவாயில்லை, விலையைப் பற்றிக் கேட்காதே. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். அக்காவின் மகன் வண்டி வாங்கினது உனக்குத் தெரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்களே, அது வடிவாகத் திறபட 2025 ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் பழைய இரும்புக்குப் போக வேண்டிய வண்டிகளெல்லாம் இங்கே மாப்பிள்ளை விலைக்குப் போயின. அப்படி ஒன்றுதான் இவனுடைய லாண்ட் ரோவர் டிஃபென்டர். மாரி காலத்தில் மாட்டுப் பட்டிகளுக்குப் போய்ப் பால் எடுக்க அது வேண்டும் என்று நின்றான். அதில் எனக்கு மறுப்பில்லை. படுவான்கரைப் பக்கத்து வண்டில் பாதைகளில் மார்கழி மழைக்கு வேறெதுவும் ஓடாது. ஆனால் முன் பம்பரில் ஒரு வின்ச்சும், அதாவது புதைந்த வண்டியைக் கயிற்றால் இழுத்தெடுக்கிற மோட்டாரும், பூட்டித்தான் விற்றிருக்கிறார்கள். வயர் வேலை ஒரு கராஜில் நடந்தது. எந்தக் கராஜ் என்று எழுதமாட்டேன். பியூஸுக்குப் பதிலாக வெள்ளித்தாள் சுற்றுகிற பரம்பரை இன்னும் அழியவில்லை என்று மட்டும் வைத்துக்கொள்.

மருமகன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கரடியனாற்றுக்கு அங்கால் ஒரு பட்டிக்குப் போகும் பாதை. இரவு முழுக்க மழை பெய்து, முன்சில்லு இரண்டும் சுரியில் இறங்கி, வண்டி வயிற்றில் படுத்துவிட்டது. கூடப் போன பெடியன் கம்பிக் கயிற்றை இழுத்துக்கொண்டுபோய் எதிரே நின்ற மருதமரத்தில் வார் சுற்றிக் கொளுவியிருக்கிறான். இவன் உள்ளே இருந்தபடி டாஷ்போர்ட் சுவிட்சை அமத்தினான். வண்டி முனகி எழும்பி வந்து காய்ந்த தரையில் ஏறினது. கையை எடுத்தான். வின்ச் நிற்கவில்லை.

சுவிட்ச் நடுவுக்குத் திரும்பினதைத் தன் கண்ணால் பார்த்தானாம். முன்னால் மோட்டார் தன்பாட்டில் சுற்ற, வண்டி மரத்தை நோக்கிப் போகிறது. பிரேக்கை மிதித்தான். கயிறு இன்னும் இறுகினது, இஞ்சினும் நின்றுபோனது. மறுகா, விடுகிற பக்கத்துக்கு அமத்திப் பார்த்தான். அமத்தினால் வின்ச் நிற்கிறது, ஆனால் சீற்றுக்கு அடியிலிருந்து ரப்பர் கருகும் மணமும் புகையும் வருகிறது. கையை விட்டால் புகை குறைகிறது, வின்ச் திரும்ப இழுக்கிறது. இரண்டில் எதை எடுப்பது? டிஃபென்டரில் பற்றரி இருப்பது இடப்பக்கச் சீற்றுக்குக் கீழே. அந்தச் சீற்றில்தான் பால் கேன்கள். கேன்களை வெளியே தள்ளி, குசனைத் தூக்கி, மூடியைத் திறந்து, குறட்டால் டெர்மினலைத் திருகி இழுத்த பிறகுதான் எல்லாம் அடங்கியது. பால் முழுக்கச் சேற்றில். வேறு சேதமில்லை. அக்காவுக்கு இன்று வரைக்கும் இது தெரியாது, நீயும் வாய் விட்டுவிடாதே.

மறுநாள் வண்டி என்னிடம் வந்தது. வின்ச்சின் சொலனாய்டு பெட்டியைத் திறந்தேன், சுவிட்சின் சின்னக் கரண்டில் மோட்டாரின் பெரிய கரண்டைச் சேர்த்துப் பிரிக்கிற பெட்டி அது. இழுக்கிற பக்கத்துப் பொயின்ட்கள் உருகி ஒன்றாகிக் கிடந்தன. உளி வைத்துத்தான் பிரிக்க முடிந்தது. ஏன் ஒட்டினது என்று உனக்கு விளக்கத் தேவையில்லை, ஆனாலும் எழுதினால்தான் என் ஆத்திரம் அடங்கும். 9,500 இறாத்தல் வின்ச் முழு இழுவையில் கிட்டத்தட்ட 400 ஆம்பியர் குடிக்கும். பற்றரி நடு வண்டியில், வின்ச் முன் மூக்கில். போக வர ஆறு மீற்றர் கேபிள். கராஜ்காரர் போட்டது 25 சதுர மில்லிமீற்றர். கணக்குப் பார், கேபிளிலேயே 1.6 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். அது போதாதென்று ஏர்த்தை பற்றரி நெகட்டிவுக்குக் கொண்டுபோகாமல் துருப்பிடித்த பம்பர் ஆணியில் முறுக்கி விட்டிருந்தார்கள். இந்த உப்புக் காற்றில் அந்த ஆணி எத்தனை நாளைக்கு ஏர்த்தாக இருக்கும்? வோல்ட் விழுந்தால் சொலனாய்டு கொயிலுக்குப் பிடிமானம் குறையும். பொயின்ட் தொட்டும் தொடாமலும் துடிக்கும். துடிக்கிற இடத்தில் பொறி பறக்கும். பொறி பறந்த இடம் ஒட்டும். பிறகு நீ டாஷ்போர்டில் தங்கச் சுவிட்ச் வைத்திருந்தாலும் வின்ச்சுக்கு அது கேட்காது.

புகை எங்கிருந்து வந்தது என்று அவன் திரும்பத் திரும்பக் கேட்டான். இழுக்கிற பக்கம் ஒட்டியிருக்கும்போது விடுகிற பக்கத்தையும் அமத்தினால், மோட்டாரின் வெளிச் சுருளான ஃபீல்ட் சுருளின் இரண்டு முனைக்கும் பொசிட்டிவே வரும். சுருளில் கரண்ட் ஓடாது, மோட்டார் சுற்றாது. மோட்டாரின் நடுவில் சுற்ற வேண்டிய ஆர்மேச்சருக்கோ, அது சுற்றாமல் நிற்க, பன்னிரண்டு வோல்ட்டும் நேரே போகும். ஷோர்ட்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. இதில் இன்னொரு கள்ளம் இருக்கிறது. கை ரிமோட்டும் டாஷ்போர்ட் சுவிட்சும் இரண்டும் உயிரோடு இருந்தால், உள்ளே ஒருவன் இழு என்று அமத்த, வெளியே ஒருவன் விடு என்று அமத்த, பொயின்ட் ஒட்டாமலே இதே கூத்து நடக்கும்.

அதனால் இருந்த வயரையெல்லாம் பிடுங்கி எறிந்தேன். டாஷ்போர்டுக்கு வந்த வயர் பற்றரியிலிருந்து பியூஸ் இல்லாமல் நேரே வந்திருந்தது. தகரத்தில் துளை போட்டு அப்படியே நுழைத்திருந்தார்கள், ரப்பர் வளையம்கூட இல்லை. உறை பாதி தேய்ந்து செம்பு மினுங்கினது. இன்னும் ஒரு மாரி போயிருந்தால் வண்டி தானாகப் பற்றியிருக்கும்.

இப்போது எப்படி என்றால், தடித்த கேபிள் எதுவும் ஆட்கள் இருக்கும் பக்கம் வராது. 50 சதுர மில்லிமீற்றர் கேபிள், பொசிட்டிவும் நெகட்டிவும் இரண்டும், பற்றரிப் பெட்டியிலிருந்து சேசியோடு அணைந்து முன்னுக்குப் போகிறது. நீ அனுப்பின சுவிட்சுக்குப் போவது கொயில் கரண்ட் மட்டும், அது சில ஆம்பியர்தான். 1.5 வயர் தாராளம். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் வயரில் எடுத்தேன். முதலில் 10 ஆம்பியர் பியூஸ். அடுத்தது மூடி வைத்த ஒரு சின்னச் சுவிட்ச், மூடியைத் தூக்காமல் அதைப் போட ஏலாது. அதன் பிறகு ஒரு மாற்றுச் சுவிட்ச், கரண்ட் டாஷ்போர்டுக்குப் போகும் அல்லது ரிமோட்டுக்குப் போகும், இரண்டுக்கும் ஒன்றாகப் போகாது. கடைசியில்தான் உன்னுடைய சாமான். மச்சான், அது திறமான சாமான். இரண்டு பக்கமும் ஸ்பிரிங், கையை எடுத்தால் டக்கென்று நடுவுக்கு வருகிறது. பின்புறம் ரப்பர் அடைத்திருக்கிறது. மணிக்கூட்டுக்குக் கீழே, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பெருவிரல் எட்டுகிற இடத்தில் பூட்டினேன். எழுத்துத்தான் சிரிப்பு. உள்ளே, வெளியே என்று இங்கிலீசில் போட்டிருக்கிறதை அக்கா பார்த்துவிட்டு, வீட்டுக்குள்ளே வருவதற்கா வெளியே போவதற்கா என்று கேட்டாள்.

இத்தனையிலும் எனக்கு முக்கியமாகப் படுவது உன் சுவிட்ச் இல்லை, கோபிக்காதே. சீற்றுப் பெட்டியின் முன் தகட்டில், டிரைவரின் இடக்கை எட்டுகிற இடத்தில், சிவப்புச் சாவி போட்ட ஒரு கட்-ஓஃப் பூட்டியிருக்கிறேன். பற்றரியிலிருந்து வின்ச்சுக்குப் போகும் பொசிட்டிவ் அதற்குள்ளால்தான் போக வேண்டும். வின்ச் கேபிளுக்கு மட்டும்தான், முழு வண்டிக்கும் இல்லை. ஓடுகிற இஞ்சினில் பற்றரியை வெட்டினால் ஆல்ட்டர்னேட்டர் டயோட் போய்விடும். பொயின்ட் எத்தனை தரம் ஒட்டினாலும் சாவியைத் திருகினால் முடிந்தது. பால் கேனைத் தள்ளத் தேவையில்லை.

சரி, இவ்வளவும் வேலைக் கதை. நான் உனக்கு எழுத உட்கார்ந்தது இதற்கில்லை.

வேலை முடிந்து வண்டியைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கொக்கட்டிச்சோலைக்குப் போனேன். மண்முனைத் துறையில் பாதைப் படகுக்குக் காத்து நின்று நீ கச்சான் கொறித்த இடத்தில் 2014இலிருந்து பாலம் நிற்கிறது, சடாரென்று போய்விடலாம். வளவுக்குள் வைத்து எல்லாவற்றையும் காட்டினேன். அவன் வடிவாகக் கேட்டான், தலையாட்டினான். பிறகு சொல்கிறான்: "இனிப் பிரச்சினை இல்ல மாமா. தனியாப் போனாலும் உள்ளுக்கு இருந்தே இழுத்துடுவன்."

எனக்கு நெஞ்சு பக்கென்றது. அவனுடைய பயத்தைத்தான் நான் கழற்றி எறிந்திருக்கிறேன் போல. உள்ளே இருக்கிறவனுக்கும் கயிற்றுக்கும் நடுவில் ஒரு கண்ணாடிதான் இருக்கிறது. கயிறோ கொளுவியோ அறுந்தால் அது பெரும்பாலும் கயிற்றின் கோட்டிலேயே திரும்பி வரும், அந்தக் கோட்டில்தான் அவன் இருக்கிறான். பொனட்டைத் தூக்கி விட்டால் கண்ணாடிக்குக் காவல், ஆனால் முன்னால் ஒன்றும் தெரியாது. இறக்கி விட்டால் மரம் தெரியும், காவல் இல்லை. டிரம்மில் கயிறு ஒரு பக்கமாகக் குவிகிறதா, கொளுவி வழுகுகிறதா, அது எப்படியும் சீற்றிலிருந்து தெரியாது. தேர் வடம் பிடிக்கும்போது சனத்தை வடத்துக்கு முன்னால் விடுவார்களா? அங்கே ஆயிரம் கை பிடிக்கிற வடத்துக்கே அந்த ஒழுங்கு என்றால், விரல் மொத்தக் கம்பியில் நாலு தொன் தொங்கும்போது? கயிறு பதம் பார்த்த சொக்காவின் கையை நீயும் பார்த்தவன்தானே. அதற்கு மேல் நான் எழுதவில்லை.

டாஷ்போர்ட் சுவிட்சே வேண்டாம் என்றும் நான் சொல்லமாட்டேன். சில்லையும் மெதுவாகச் சுற்றிக்கொண்டு கயிறு தொய்யாமல் வர வேண்டுமானால், சரிவில் பிரேக்கில் கால் வைத்தபடி கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டுமானால், அது நல்ல உதவி. ரிமோட் வயரை ஜன்னலால் இழுத்துச் சில்லுக்கு அடியில் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு வெளியே, பக்கவாட்டில், கயிற்று நீளத்துக்கு மேலே தள்ளி நின்று கை காட்ட இன்னொருவன் வேண்டும். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்குப் போட வேண்டும். தனியாள் என்றால் மாற்றுச் சுவிட்சை ரிமோட்டுக்குத் தள்ளிவிட்டு இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். கொஞ்சம் இழு, நிறுத்து, மோட்டாரைத் தொட்டுப் பார், பிறகு இழு. இஞ்சின் ஓடட்டும், ஆனால் அந்த ஆல்ட்டர்னேட்டர் கொடுக்கிறது 65 ஆம்பியர், மிச்சமெல்லாம் பற்றரியின் இரத்தம். இதெல்லாம் சொன்னேன். "ஓம் மாமா, ஓம் மாமா" என்கிறான். அந்த ஓமின் பெறுமதி உனக்குத் தெரியும், நாங்களும் அந்த வயதில் பெரியவர் மூக்கருக்கு அப்படித்தான் ஓம் போட்டோம்.

நீ சொன்னால் கேட்பான். நீ வெளிநாட்டில் மணலில் வண்டி ஓடுகிறவன், நான் கல்லடியில் ஹோர்ன் திருத்துகிற மாமா. நீ அனுப்பின அந்தப் பாலைவனப் படத்தை போன் முகப்பில் வைத்திருக்கிறான், அதற்காகவாவது பிரயோசனப்படு. ஞாயிறு பின்னேரம் வீட்டில்தான் நிற்பான். இங்கே ஆறு மணி என்றால் பேர்த்தில் எட்டரை, சாப்பிட்டுவிட்டு எடு. சுவிட்ச் வேலை செய்கிறதா என்று தொடங்கு, மறுகா அங்கே ஆட்கள் எங்கே நின்று இழுக்கிறார்கள் என்று கதையோடு கதையாகச் சொல். நான் எழுதினேன் என்று மூச்சுக்கூட விடாதே, விட்டால் அவன் எல்லாவற்றுக்கும் ஓம் போட்டுவிட்டுப் போய்விடுவான்.

இன்னொன்று. பிளாஸ்டிக் நார்க் கயிறு பத்து மில்லிமீற்றரில் அங்கே என்ன விலை என்று விசாரி. கம்பியை விடப் பாரம் குறைவு, அறுந்தாலும் அவ்வளவு மூர்க்கமாக வராது. வெயிலும் மணலும் அதைத் தின்னும், டிரம்முக்குள் பிரேக் உள்ள வின்ச்சில் சூட்டுக்கும் இளகும், அதனால் எங்கள் வின்ச்சுக்கு எது சரி என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். மொடல் நம்பரைப் படம் எடுத்து நெடுவலிடம் கொடுத்திருக்கிறேன், அவன் அனுப்புவான். வின்ச்சிலிருந்து கயிறு வெளியே வருகிற இடத்துக்கு உருளைக்குப் பதிலாக வழுவழுப்பான அலுமினியத் துவாரமும் வேண்டும், அதையும் சேர்த்துக் கேள். காசு அக்காவிடம் வாங்காதே, என்னிடம் வாங்கு.

அன்புடன்,
கட்டையன்