சல்பைடா, சல்பைட்டா? வினாத்தாள் தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வேதியியல் பாடநூல் குழுவினருக்கும் வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும்,

வணக்கம். காலாண்டுத் தேர்வில் வந்த அந்த இரண்டு மதிப்பெண் வினா உங்களுக்கு நினைவிருக்கும். ‘சோடியம் சல்பைட்டின் வாய்பாட்டை எழுதுக.’ என் வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டு சோடியம், ஒரு கந்தகம், மூன்று ஆக்சிஜன் போட்டு எழுதியிருந்தாள். விடைக்குறிப்பில் ஆக்சிஜனே இல்லை. நீங்கள் கேட்க நினைத்தது சல்பைடாம். குறிப்பில் உள்ளபடிதான் திருத்த வேண்டும் என்பதால் சிவப்பு மையில் அடித்தேன். விடைத்தாள் கொடுத்த அன்று அவள் வினாத்தாளோடு வந்து நின்றாள். அந்த ‘ட்டி’யின் மேல் விரலை வைத்து, “மிஸ், இங்க ட்டுதானே இருக்கு?” என்றாள். இருக்கத்தான் இருந்தது. எனக்குப் பேச வாய் வரவில்லை.

பிழை எப்படி நேர்கிறது என்று உங்களுக்குத் தெரியாததல்ல. வீடு வீட்டின் ஆகிறது, ஆடு ஆட்டின் ஆகிறது. அந்தப் பழக்கத்தில் சல்பைடையும் சல்பைட்டின் என்று எழுதிவிடுகிறோம். தமிழுக்கு அது பிழையில்லை, ஆனால் வேதியியலில் பொருளே மாறிவிடுகிறது. சல்பைடில் ஆக்சிஜன் கிடையாது. சல்பைட்டில் மூன்று, சல்பேட்டில் நான்கு. ஈற்றைப் பார்த்தே ஆக்சிஜன் கூடுதலா குறைவா என்று தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் 1787இல் பாரிசில் லவாய்சியே உள்ளிட்ட வேதியியலாளர் நால்வர் உட்கார்ந்து சல்பேட், சல்பைட் என்று ஈறுகளைப் பிரித்து வைத்தார்கள். நம் வினாத்தாளில் அந்த ஈறுதான் காணாமல் போகிறது.

ஆய்வகத்தில் இந்தக் குழப்பமே வராது. சல்பைடு உப்பில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், லெட் அசிடேட் தாள் கறுத்துப்போகும். சல்பைட்டு என்றால் கந்தகம் எரிகிற நெடி மூக்கைப் பிடிக்கும். மூக்கால் பிரித்தறியத் தெரிந்த பிள்ளைக்குத் தாளில் மதிப்பெண் போகிறது.

அதனால் நான் கேட்பது இதுதான். ஒரு சேர்மத்துக்கு ஒரே எழுத்துக்கூட்டல் என்று முடிவு செய்து, பெயரும் வாய்பாடுமாக ஒரு பட்டியலை ஒவ்வொரு பாடநூலின் கடைசியிலும் அச்சிடுங்கள். வினாத்தாளில் பெயரோடு உருபைச் சேர்க்காதீர்கள். ‘சோடியம் சல்பைடு என்பதன் வாய்பாடு’ என்று எழுதினால் போதும், ஒரு சொல்தான் கூடும்.

பக்கத்திலேயே ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறோமே, பார்த்துக்கொள்ளக் கூடாதா என்பீர்கள். ஆங்கிலத்தைப் பார்த்துத்தான் தமிழ் வினாவைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் தமிழ்வழி என்று எதற்குப் பெயர்? தமிழ் எழுத்தின் மேலும் பழி போட வேண்டாம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் நம் குளோரைடைக் குளோரைட்டு என்றும், நம் சல்பேட், கார்பனேட்டைச் சல்பேற்று, காபனேற்று என்றும் எழுதுகிறார்கள். ட்டு ஒரு ஈறு, ற்று இன்னொரு ஈறு, இரண்டும் கலப்பதில்லை. அவர்களுடையதை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. உட்கார்ந்து முடிவு செய்தால் முடியும் என்கிறேன்.

இது ஒன்றோடு போவதுமில்லை. புத்தகத்தில் ஆக்சைடு, நோட்ஸில் ஆக்ஸைடு. ஒரு வினாவில் பெர்ரஸ் சல்பேட், அடுத்ததில் இரும்பு இரண்டு சல்பேட். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிப் புரியவைப்பதிலேயே எனக்கு ஒரு பீரியடு போய்விடுகிறது. எத்தனையோ பயிற்சிக் கூட்டங்களுக்கு எங்களை அழைக்கிறீர்கள், ஒன்றிலாவது இந்தப் பெயர்களைப் பற்றிப் பேசியிருக்கிறோமா?

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பட்டியல் அடுத்த பதிப்பிலாவது வரட்டும். வினாத்தாள் திருத்தத்துக்கு அவ்வளவு நாள் தேவையில்லை, அரையாண்டுத் தேர்விலேயே செய்யலாம். அப்புறம், அந்தக் காலாண்டு வினாவுக்கு இரண்டு விடைகளுக்கும் மதிப்பெண் உண்டு என்று ஒரு வரி அனுப்புங்கள். அந்த விடைத்தாளை இன்னும் என் மேசையிலேயே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தமிழ்வழி வேதியியல் ஆசிரியை ஒருவர்